கையைப் பிடித்துத் தாளம் போடவைக்காதீர்கள்

திருகோணமலையில் காதுக்கு ஓய்வு குறைவு. விடிகாலையில் கோயில் ஒலிபெருக்கியும் பாங்கும், திருவிழா வந்தால் நாதஸ்வரமும் தவிலும். ஓட்டிசம் உள்ள சில பிள்ளைகளுக்கு இந்த ஓசை உண்மையிலேயே வலிக்கும். "பிள்ளைக்குப் பாட்டென்றால் உயிர்" என்று தவிலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறோமே, அதுதான் முதல் தவறு. காதைப் பொத்துவது அடமல்ல, தள்ளி நில்லுங்கள். காதுகாப்பான் திருவிழாவுக்கு நல்லது. நாள் முழுக்க மாட்டிவிட்டால் சாதாரணச் சத்தத்தையும் தாங்க முடியாமல் போகக்கூடும்.

உப்புவெளிப் பக்கத்து முன்பள்ளி ஒன்றில் வாணி விழா ஒத்திகை பார்த்தேன். எல்லாரும் கைதட்ட, நான்கு வயதுப் பையன் ஒருவன் மட்டும் வாங்குக்கு அடியில் இருந்து பால்மா டின்னை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். கையைப் பிடித்துத் தட்டவைத்தார்கள்; வீறிட்டான். மறுநாள் ஆசிரியை ஒருவர் இன்னொரு டின்னுடன் தரையில் அமர்ந்து அவனைப் போலவே சுரண்டினார். மூன்று சுரண்டல், ஒரு நிறுத்தம். அவன் டின்னைப் பார்த்தான், பிறகு அவரைப் பார்த்தான். வேண்டுமென்றே இரண்டே முறை சுரண்டிவிட்டுக் காத்திருந்தான். பிள்ளையின் ஓசைக்குப் பதில் சொல்வதுதான் இசைச் சிகிச்சையாளர் பலருடைய வேலையின் கரு. பிள்ளை நம் பதிலுக்குக் காத்திருக்கும் அந்த இடத்தில் "கெட்டிக்காரன்!" என்று கைதட்டிக் கெடுத்துவிடுகிறோம். நானும் செய்திருக்கிறேன்.

பிள்ளை ஒரே பாட்டை நாற்பது தரம் கேட்கிறான் என்று மாற்றவும் வேண்டாம். அடுத்து வருவது தெரிந்திருப்பதே அவனுக்கு ஆறுதல். வரியின் கடைசிச் சொல்லை மட்டும் விட்டுப் பாடிப் பாருங்கள், அவனே நிரப்பக்கூடும். நிரப்பாவிட்டால் நீங்களே பாடி முடியுங்கள், பரீட்சையாக்காதீர்கள். பாட்டுக்குக் கையை உதறினால் உதறட்டும். "சோறு சாப்பிட்டால்தான் பாட்டு" என்ற பேரமும் வேண்டாம்.

"இத்தனை வகுப்பில் குணமாக்கித் தருகிறோம்" என்று காசு கேட்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். ஓட்டிசம் குணப்படுத்தும் நோயல்ல. ஒன்பது நாடுகளில் 364 பிள்ளைகளிடம் நடத்தி 2017இல் வெளியான ஆய்வில், ஐந்து மாத இசைச் சிகிச்சை அறிகுறிகளின் தீவிரத்தைக் குறைத்ததாகத் தெரியவில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2022இன் கொக்ரேன் மீளாய்வோ, பொதுவான முன்னேற்றத்துக்கு இசைச் சிகிச்சை உதவக்கூடும் என்றது. ஆகவே பாட்டை விடாதீர்கள். ஆனால் அதற்காகப் பேச்சுச் சிகிச்சையை நிறுத்திவிடாதீர்கள். பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாத பிள்ளைக்குக் கேட்டல் பரிசோதனையை முதலில் செய்யுங்கள்.