வள்ளி கும்மி அரங்கேற்றம்: மைதானமும் மைக்செட்டும் சரியாக அமைய

வட்டமாக நின்று கைகொட்டி, முருகன்-வள்ளி கதையைப் பாடி ஆடும் கொங்கு நாட்டு ஆட்டம் வள்ளி கும்மி. தை பிறந்தால் பங்குனி உத்திரம் வரை கோபி, காங்கேயம், தாராபுரம், உடுமலைப் பக்கம் வள்ளி கும்மி அரங்கேற்றத்துக்கு ஏற்ற காலம். மழை விட்டிருக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆனி, ஆடிக் காற்றும் இருக்காது. அந்தக் காற்றில் மைக் முன்னால் யார் பாடினாலும் இரைச்சல்தான் கேட்கும்.

அடவும் (ஆட்ட அசைவும்) பாட்டும் வாத்தியார் பொறுப்பு. மற்றதெல்லாம் ஊர்க் குழுவின் தலையில். முப்பது, நாற்பது நாள் மாலையில் நன்றாக ஆடிப் பழகியவர்கள் அரங்கேற்றத்தன்று தடுமாறினால், முதலில் மைதானத்தையும் மைக்செட்டையும் பாருங்கள். கீழே உள்ள கணக்கு 100 பேர் ஆடுவதற்கானது.

வட்டம் போடுவது

குனிந்து, கைகொட்டி, திரும்பி நிமிர ஒருவருக்கு 4 அடி வேண்டும். 100 பேரையும் ஒரே வட்டத்தில் நிறுத்தினால் சுற்றளவு 400 அடி, குறுக்களவு கிட்டத்தட்ட 127 அடி. பார்க்கப் பெரிதாக இருக்கும், ஆனால் எதிர்ப்பக்கம் ஆடுபவரின் கை இந்தப் பக்கம் தெரியாது. இரண்டு வட்டமாகப் பிரிப்பதே நல்லது. உள்வட்டம் மையத்திலிருந்து 28 அடி, வெளிவட்டம் 36 அடி. உள்ளே 44 பேர், வெளியே 56 பேர் சரியாக அடங்குவார்கள். நடுவில் உள்ள 8 அடி இடைவெளியைக் குறைக்காதீர்கள். முன்னும் பின்னும் போய்வரும் அடவில் முதுகோடு முதுகு இடித்துக்கொள்வார்கள்.

மையத்தில் முளை அடித்து, 28 அடியிலும் 36 அடியிலும் முடிச்சுப் போட்ட கயிற்றை இழுத்துப் பிடித்துச் சுற்றிக்கொண்டே சுண்ணாம்புப் பொடியால் கோடு போடுங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரு சுற்று சுற்றிவர, வெளிவட்டத்தில் இருப்பவர் உள்வட்டத்தைவிடக் கால் பங்குக்குச் சற்று மேல் கூடுதல் தூரம் நடக்க வேண்டும். அதனால் குழந்தைகளும் வயதானவர்களும் உள்வட்டத்தில், எட்டி அடி வைத்து ஆடுபவர்கள் வெளியே.

ஆட ஆட வட்டம் சுருங்கும். கைகொட்ட உள்ளே போகிறவர்கள் அதே அளவு பின்னால் திரும்பி வருவதில்லை, அதுதான் காரணம். அரை மணி நேரத்தில் இரண்டு வட்டமும் கோட்டிலிருந்து நகர்ந்துவிடும். பத்துப் பேருக்கு ஒருவர் என்று நன்றாக ஆடத் தெரிந்தவரை நிறுத்தி, ஒவ்வொரு பாட்டு முடிவிலும் கோட்டைப் பார்த்துத் தன் பக்கத்தைச் சரிசெய்யச் சொல்லுங்கள். இதைப் பயிற்சியின் கடைசி வாரத்திலேயே பழக்கிவிட வேண்டும்.

தரை

வெறுங்காலோடு ஆடும் ஆட்டம். முந்தின நாள் காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திக் கல்லும் நெருஞ்சி முள்ளும் பொறுக்குங்கள். நெருஞ்சியை விளக்குமாற்றால் கூட்டினால் போகாது, மண்ணில் புதைந்துகொள்ளும். ஈரச் சாக்கை விரித்து இழுத்தால் நிறைய ஒட்டிக்கொண்டு வரும்.

செம்மண் திடலில் புழுதி எழும்பினால் பாடுகிறவருக்குத் தொண்டை கட்டும். மையத்திலிருந்து 24 அடி தொடங்கி 40 அடி வரையுள்ள வளையத்தை மட்டும் நனைத்தால் போதும், ஆயிரம் லிட்டர் தண்ணீர் தாராளம். மூன்று மணிக்குத் தெளித்துவிடுங்கள். ஐந்தரைக்குத் தெளித்தால் மேல்மண் சேறாகி, சேலை கட்டியவர் வழுக்கி விழுவார். பார்வையாளர் உட்காரும் இடத்தையும் சேர்த்து 120 அடிக்கு 120 அடி திடல் வேண்டும்.

மைக்செட்

பெரும்பாலான தவறு இங்கேதான். ஒரு ஓரத்தில் மேடை போட்டு, மேடைக்கு இரு பக்கமும் ஸ்பீக்கர் அடுக்கி, அதற்கு முன்னால் ஆடச் சொல்கிறார்கள். ஒலி நொடிக்குச் சுமார் 1,130 அடிதான் போகும். ஒரே வட்டமாக நிறுத்தினால், ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் ஆடுபவருக்கும் 127 அடி தள்ளி ஆடுபவருக்கும் இடையே நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதம் விழும். நிமிடத்துக்கு 120 தட்டு என்ற வேகத்தில் அது ஒரு தட்டில் ஐந்தில் ஒரு பங்கு. நூறு கையும் ஒரே சத்தமாக விழ வேண்டிய இடத்தில் சடசடவென்று சிதறும். தொலைவில் ஆடுபவர்கள் எவ்வளவு பழகியிருந்தாலும் இது நடக்கும், அவர்களைத் திட்டிப் பயனில்லை.

பாடகரையும் மேளக்காரரையும் வட்டத்தின் மையத்தில், ஒன்றரை அடி உயர மேடையில் உட்கார வையுங்கள். அவர்களைச் சுற்றி நான்கு ஸ்பீக்கர், நான்கு திசையிலும் வெளியே பார்த்தபடி, 7 அடி ஸ்டாண்டில். எல்லா ஆட்டக்காரருக்கும் ஒலி கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் போய்ச் சேரும். மைக் ஸ்பீக்கருக்குப் பின்னால் இருப்பதால் கூவுவதும் குறையும். மைக்செட்காரர் “மேடையில வெச்சாத்தான் வழக்கம்” என்பார். விட்டுக்கொடுக்காதீர்கள்.

மையத்துக்குப் போகும் வயர் வட்டத்தைக் கடந்துதான் ஆக வேண்டும். அரை அடி ஆழத்துக்குப் பள்ளம் பறித்து, பிளாஸ்டிக் குழாய்க்குள் வயரை விட்டு மண் மூடி, தண்ணீர் தெளிப்பதற்கு முன்பே மிதித்துச் சமப்படுத்திவிடுங்கள். தரைமேல் போட்டுச் சாக்கு மூடினால் கொலுசோ சலங்கையோ மாட்டும். ஜெனரேட்டர் நூறடிக்கு அப்பால், புகை வட்டத்துப் பக்கம் வராத திசையில் இருக்கட்டும்.

பயிற்சியில் செல்போன் பாட்டுக்கு ஆடிப் பழகியவர்கள் நேரில் பாடும்போது திணறுவார்கள். பதிவில் வேகம் மாறாது. நேரில் உற்சாகம் ஏற ஏறப் பாட்டும் ஓடும். கடைசிப் பத்து நாளாவது பாடகரும் மேளமும் நேரில் வர வேண்டும்.

அனுமதியும் நேரமும்

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, தனி விலக்கு இல்லாமல் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. காவல் நிலையத்தில் பதினைந்து நாள் முன்னதாக எழுதிக் கொடுங்கள். பள்ளித் திடல் என்றால் தலைமையாசிரியர் கடிதமும் வேண்டும். பொதுத்தேர்வு நாட்களைத் தவிருங்கள். மாரியம்மன் நோம்பியோடு (திருவிழாவோடு) சேர்த்து நடத்துவதானால், கோயில் கம்பத்தைச் சுற்றி ஆடும் கம்பத்தாட்டம் நடக்கும் இரவுகளை விட்டுவிட்டு நாள் குறியுங்கள். மேளக்காரர் கிடைக்க மாட்டார்.

விநாயகர் துதி, வள்ளி பிறப்பு, தினைப்புனம், ஆலோலம், வேடன், வேங்கை மரம், கிழவர், யானை, கல்யாணம் என்று முழுக் கதையும் பாடினால் மூன்று மணி நேரத்தைத் தாண்டும். ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடிக்கத் திட்டமிடுங்கள். நேரம் போதாவிட்டால் வாழ்த்துப் பாட்டுகளைக் குறையுங்கள். கிழவர் வேடத்தில் வந்த முருகன் தினைமாவும் தேனும் கேட்கும் இடத்தில் கை வைக்காதீர்கள். கூட்டம் காத்திருப்பதே அதற்குத்தான். பொன்னாடையும் பேச்சும் ஆலோலம் முடிந்து மோர் கொடுக்கும் இடைவேளையில், இருபது நிமிடத்துக்குள். ஆட்டக்காரர்களை வட்டத்தில் நிற்க வைத்துக்கொண்டு மரியாதை செய்வது நூறு பேருக்குச் செய்யும் அவமரியாதை.

மற்றவை

சேலையைச் சேலம் பக்கத்து இளம்பிள்ளை போன்ற நெசவு ஊரில் மொத்தமாக ஒரே தடவையில் எடுங்கள், ஐந்தாறு கூடுதலாக. பிறகு வாங்கினால் சாய நிறம் மாறி வெளிச்சத்தில் தனியாகத் தெரியும். கரை கணுக்காலுக்கு இரண்டு அங்குலம் மேலே நிற்க வேண்டும். சலங்கைக்கு அடியில் பருத்தித் துணியைச் சுற்றிக் கட்டாவிட்டால் தோல் உரியும்.

ஆண்கள் ஆடிவந்த ஆட்டத்தில் பெண்களையும் பழக்கியவர் வள்ளி ஒயில் கும்மி ஆசான் எம். பத்ரப்பன். 2024இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. வட்டம் இன்னும் பெரிதாகட்டும். எந்தச் சாதியாரும், எந்தத் தெருவினரும் சேரலாம் என்று பயிற்சி அறிவிப்பிலேயே தெளிவாக எழுதுங்கள். எழுதாவிட்டால் வர நினைப்பவர் தயங்கி நின்றுவிடுவார்.

கழிப்பறைச் சாவி நான்கு மணிக்கே குழுவில் ஒரு பெண் கையில் இருக்க வேண்டும். தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டர். பாடகருக்கும் மேளக்காரருக்கும் பேசிய தொகையை அன்றிரவே, அவர்கள் வண்டி ஏறும் முன், வெற்றிலை பாக்கோடு கையில் கொடுத்துவிடுங்கள்.