வேர்ட் பழகிய கைக்கு லிப்ரே ஆபீஸ்: முதல் நாளே செய்ய வேண்டிய மாற்றங்கள்

என் அத்தை ஓய்வுபெற்ற ஆசிரியை. இருபது வருடமாகக் கேள்வித்தாள் அடித்தது எல்லாம் வேர்டில்தான். அவருடைய பழைய லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டு, அதில் வேர்டு மாதிரியான இலவசத் தொகுப்பான லிப்ரே ஆபீஸைத் திறந்து கொடுத்தேன். அஞ்சு நிமிஷம்கூட ஆகவில்லை. "என்னடா இது, எதுவுமே வச்ச இடத்துல இல்ல" என்று மூடிவிட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை. கண் தேடுவதற்கு முன்னாலேயே கை போய் நிற்கும் இடங்கள் அவை. அன்று சாயங்காலம் உட்கார்ந்து மாற்றிக் கொடுத்ததைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். லிப்ரே ஆபீஸ் 2010-ல் ஓப்பன் ஆபீஸ் என்ற இன்னொரு இலவசத் தொகுப்பிலிருந்து பிரிந்து வந்தது. அதன் வழக்கமான தோற்றம், மேலே மெனுவும் அதன் கீழே பட்டன் வரிசையுமாக, வேர்ட் 2003-ஐத்தான் நினைவூட்டும். மைக்ரோசாஃப்ட் 2007-லேயே ரிப்பனுக்கு, அதாவது தாவல் தாவலாகப் பிரித்த பட்டன் பட்டைக்கு, மாறிவிட்டது. லிப்ரே ஆபீஸ் அதே போன்ற பட்டையை 2017-ல் 5.3 பதிப்பில் சோதனையாகக் கொண்டுவந்து, 2019-ல் 6.2 பதிப்பில் எல்லோருக்கும் திறந்துவிட்டது. அதனால் உங்களிடம் இருப்பது அதற்குப் பிந்தைய பதிப்பா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 1: ரிப்பனை வரவழைப்பது

ரைட்டரை (லிப்ரே ஆபீஸில் வேர்டுக்கு இணையானது) திறந்து வியூ மெனுவில் 'யூசர் இன்டர்ஃபேஸ்' என்பதை அழுத்துங்கள். வரும் பட்டியலில் 'டேப்ட்' என்பதைத் தேர்ந்தெடுத்து, 'அப்ளை டு ஆல்' கொடுங்கள். ரைட்டர், கால்க் (எக்செல் மாதிரி), இம்ப்ரெஸ் (பவர்பாயின்ட் மாதிரி) மூன்றும் ஒரே தோற்றத்துக்கு வந்துவிடும். சின்னத் திரை என்றால் 'டேப்ட் காம்பேக்ட்' நல்லது, உயரம் குறைவு. மெனு காணாமல் போய்விட்டதே என்று பயப்பட வேண்டாம். பட்டையின் ஓரத்தில் இருக்கும் சின்ன ஐகானை அழுத்தினால் மெனு திரும்ப வரும். அடுத்த படிகளுக்கு அது வேண்டும்.

படி 2: ஐகான்

டூல்ஸ், ஆப்ஷன்ஸ் போய் ஐகான் தீமில் 'கொலிப்ரே' வையுங்கள். மைக்ரோசாஃப்டின் ஐகான் வடிவமைப்பு விதிகளைப் பின்பற்றி 2018-ல் வந்த தொகுப்பு அது. விண்டோஸில் தானாகவே அதுதான் இருக்கும்.

படி 3: எழுத்துரு, உண்மையான வேலை

பலரும் ரிப்பன் வந்ததோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் வெளியிலிருந்து வரும் வேர்ட் கோப்பைத் திறந்தால் இரண்டு பக்கக் கடிதம் மூன்று பக்கமாக நிற்கும். உடனே "இந்த சாஃப்ட்வேர் சரியில்லை" என்பார்கள். பெரும்பாலும் குற்றவாளி எழுத்துருதான். வேர்டில் பலரும் பயன்படுத்தும் காலிப்ரி எழுத்துரு லினக்ஸில் கிடையாது. வேறு எழுத்துரு வந்து உட்கார்ந்தால் ஒவ்வொரு எழுத்தின் அகலமும் மாறும், வரி உடையும் இடமும் மாறும்.

இதற்கென்றே செய்யப்பட்டவை கார்லிட்டோ, கலேடியா, லிபரேஷன் எழுத்துருக்கள். கார்லிட்டோவின் ஒவ்வொரு எழுத்தும் காலிப்ரியின் அதே அகலம். வடிவம் மட்டும் வேறு. அதே மாதிரி வேர்டின் கேம்ப்ரியாவுக்குக் கலேடியா, டைம்ஸ் நியூ ரோமனுக்கு லிபரேஷன் செரிஃப். எனக்குப் பிடித்த 'காப்பி' இதுதான். கண்ணுக்குத் தெரியாத அளவைப் பின்பற்றி, உருவத்தைச் சொந்தமாக வரைந்திருக்கிறார்கள். மென்பொருள் மையத்தில் தேடி நிறுவிவிட்டு அதே கடிதத்தைத் திறந்து பாருங்கள். பெயர்ப் பெட்டியில் காலிப்ரி என்று சாய்வெழுத்தில் இருக்கும். அந்த எழுத்துரு இங்கே இல்லை, மாற்று ஓடுகிறது என்று அர்த்தம்.

தமிழுக்கு இந்த வழி உதவாது. கார்லிட்டோவில் தமிழ் எழுத்தே இல்லை. ஆப்ஷன்ஸின் மொழிப் பகுதியில் 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்'டில் (தமிழ் போன்ற எழுத்துமுறைகளுக்கான பகுதி) தமிழைத் தேர்ந்தெடுங்கள். பிறகு ரைட்டர் பகுதியில் அதற்கென்று தனியாக இருக்கும் எழுத்துருப் பக்கத்தில் 'நோட்டோ சான்ஸ் தமிழ்' என்ற எழுத்துருவை வையுங்கள். ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்துரு, தமிழுக்கு ஓர் எழுத்துரு என்று லிப்ரே ஆபீஸ் பிரித்தே வைத்திருக்கிறது. ஒன்றில் அளவை மாற்றினால் மற்றது அசையாது. "பன்னிரண்டு வச்சேன், தமிழ் மட்டும் மாறலையே" என்று அத்தை தவித்தது இதனால்தான். கோப்பை அடுத்தவருக்கு அனுப்பும்போது ஃபைல், ப்ராப்பர்ட்டீஸ், ஃபான்ட் பகுதியில் எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பதிக்கும் வசதியை டிக் செய்துவிடுங்கள்.

படி 4: விசைகள்

கன்ட்ரோல் பி, கன்ட்ரோல் எச் எல்லாம் ஒன்றுதான். கவனிக்க வேண்டியவை சில உண்டு. வேர்டில் எஃப்12 'சேவ் ஆஸ்'. இங்கே எண் பட்டியல் போடும். கன்ட்ரோல் டி அங்கே எழுத்துருப் பெட்டியைத் திறக்கும். இங்கே இரட்டை அடிக்கோடு இழுக்கும். மாற்ற, டூல்ஸ், கஸ்டமைஸ், கீபோர்டு போங்கள். மேலே ரைட்டரைத் தேர்ந்தெடுங்கள், லிப்ரே ஆபீஸ் முழுவதற்கும் என்பதை அல்ல. ரைட்டருக்கென்று உள்ள விசை பொதுவானதை முந்திக்கொள்ளும் என்பதால் பொதுவில் மாற்றினால் பலிக்காது. எஃப்12 வரியில் நின்று, கீழே 'சேவ் ஆஸ்' தேடி 'அசைன்' கொடுங்கள். சில பதிப்புகளில் அதே பட்டனுக்குப் பெயர் 'மாடிஃபை'.

படி 5: சேமிக்கும் வடிவம்

ஆப்ஷன்ஸ், லோட்/சேவ், ஜெனரல். 'ஆல்வேஸ் சேவ் ஆஸ்' என்ற இடத்தில் வேர்ட் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். சொந்தக் கோப்புகளுக்கு லிப்ரே ஆபீஸின் சொந்த வடிவமே பத்திரம் என்பது என் கருத்து. ஆனால் தினமும் வேர்ட்காரர்களோடு கொடுக்கல் வாங்கல் இருந்தால் இதுதான் நிம்மதி.

"வேர்டின் தோற்றத்தை லிப்ரே ஆபீஸ் இப்படிப் பார்த்துச் செய்வது திருட்டு இல்லையா?" என்று பலரும் கேட்கிறார்கள். அமெரிக்காவில் லோட்டஸ் 1-2-3 என்ற கணக்குத்தாள் மென்பொருளின் மெனு வரிசையை போர்லேண்ட் என்ற நிறுவனம் தன் போட்டி மென்பொருளான குவாட்ரோ ப்ரோவில் அப்படியே வைத்தது. பழகியவர்கள் சிரமமில்லாமல் மாறட்டும் என்பதற்காக. வழக்கு நடந்து, அந்த மெனு அமைப்பு இயக்கும் முறைதான், பதிப்புரிமைக்குள் வராது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1995-ல் சொன்னது. 1996-ல் உச்ச நீதிமன்றம் நாலுக்கு நாலு என்று பிரிந்ததால் அந்தத் தீர்ப்பே நின்றது. லிப்ரே ஆபீஸ் எடுத்துக்கொண்டதும் அமைப்பு முறையைத்தான். நிரல் அவர்கள் சொந்தமாக எழுதியது.

வீட்டில் வேறு யாராவது பழைய தோற்றத்தையே விரும்பினால், மறுபடி படி 1-க்குப் போய் 'ஸ்டாண்டர்ட் டூல்பார்' வைத்தால் போதும். மற்ற மாற்றங்கள் அப்படியே இருக்கும்.