இங்கிலாந்துக்கு வரும் குமரி மாவட்டத்து மக்களுக்கு: முதல் சிம் கார்டு

திருவனந்தபுரத்தில் விமானம் ஏறும் முன்பே இந்த வேலை தொடங்கிவிடுகிறது. உங்கள் இந்திய எண்ணுக்கு சர்வதேச ரோமிங்கை ஊரிலேயே ஆக்டிவேட் செய்துவிடுங்கள். நாகர்கோவில் வங்கிக் கணக்கில் எதைத் தொட்டாலும் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்து வையுங்கள். இங்கே வந்தபின் ரீசார்ஜை மறந்துவிடாதீர்கள். 90 நாள் பயன்படுத்தாத ப்ரீபெய்ட் எண்ணை நிறுவனம் முடக்கலாம், பிறகு அது வேறொருவர் கைக்குப் போய்விடும். தக்கலையில் இருக்கும் அண்ணனோ தம்பியோ அதைப் பார்த்துக்கொள்ளட்டும்.

சரி, இங்கே எந்த சிம்? வந்த உடனே 24 மாத ஒப்பந்தம் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். அதற்குக் கடன் வரலாறு பார்ப்பார்கள், புதிதாக வந்தவரிடம் அது இருக்காது. ப்ரீபெய்ட் எடுங்கள். ஊரில் ஆதார் கேட்பதுபோல இங்கே எதுவும் கேட்பதில்லை. தெருமுனைக் கடையிலேயே சிம் கிடைக்கும், டாப்அப்பும் அங்கேயே போடலாம்.

மலிவாகத் தரும் நிறுவனங்களுக்குச் சொந்த டவர் கிடையாது. பெரிய நிறுவனத்திடம் மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்கிறார்கள். லெபாரா வோடஃபோன் டவரிலும், லைக்கா மொபைல் ஈஈ டவரிலும், கிஃப்காஃப் ஓ2 டவரிலும், ஸ்மார்ட்டி த்ரீ டவரிலும் ஓடுகின்றன. லைக்காவை 2006 இல் தொடங்கிய சுபாஷ்கரன் அல்லிராஜா இலங்கைத் தமிழர். ஊருக்குப் பேசத் துடிக்கும் நம்மைப் போன்றவர்களை நம்பித்தான் இந்தத் தொழிலே வளர்ந்தது.

அதனால் சிம்மின் பெயரைவிட அடியில் இருக்கும் டவர் முக்கியம். பேச்சிப்பாறைப் பக்கம் ஒரு சிம் எடுக்கும், இன்னொன்று எடுக்காது இல்லையா? இங்கேயும் அதே கதைதான். நீங்கள் தங்கும் வீட்டில் ஏற்கெனவே இருப்பவர்களிடம், அறைக்குள் எது எடுக்கிறது என்று கேளுங்கள். இங்கத்திய தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காமின் தளத்தில் வீட்டின் போஸ்ட்கோடைப் போட்டும் பார்க்கலாம்.

அப்புறம் ஊருக்குப் பேசுவது. கருங்கல்லில் எங்கள் அம்மாவிடம் இருப்பது பட்டன் ஃபோன், வாட்ஸ்அப் கிடையாது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால் இந்தியாவுக்கு நிமிடங்கள் தரும் பிளானைப் பார்த்து எடுங்கள். நான் முதலில் எடுத்த பிளானின் காலம் 30 நாள். அதை ஒரு மாதம் என்று நினைத்துவிட்டேன். 31ஆம் நாள் அம்மாவை அழைத்தேன். மாத்திரை அட்டையில் இருந்த பெயரை அவர் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தபோதே மீதியிருந்த பணம் முழுவதும் தீர்ந்து அழைப்பு நின்றுபோனது. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. பிளான் முடியும் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். லேண்ட்லைனுக்கு என்றால் முதல் பூஜ்ஜியத்தை விட்டுவிட வேண்டும்: நாகர்கோவிலுக்கு 0091 4652, குழித்துறைக்கு 0091 4651.

இங்கே எடுத்த எண்ணை அடிக்கடி மாற்றாதீர்கள். வங்கி, டாக்டர், வேலை செய்யும் இடம் என எல்லாரிடமும் அந்த எண்தான் இருக்கும். ஈவிசா, அதாவது ஆன்லைனில் இருக்கும் விசா, அந்தக் கணக்கில் நுழையும் குறியீடும் அந்த எண்ணுக்கே வரும்படி வைத்திருந்தால், எண் போனதும் கணக்கைத் திறக்கவே பெரும்பாடு. நிறுவனம் பிடிக்கவில்லையா, நிறுவனத்தை மட்டும் மாற்றுங்கள். PAC என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை 65075 க்கு மெசேஜ் அனுப்பினால் ஒரு குறியீடு வரும், அது 30 நாள் செல்லும். அதைப் புதிய நிறுவனத்திடம் கொடுத்தால் பழைய எண்ணே தொடரும். அதுவரை பழைய சிம்மை ரத்து செய்யவே கூடாது.

குடிவரவுத் துறை, வரித் துறை என்று சொல்லிப் பணம் கேட்டு மிரட்டும் அழைப்புகள் வரும். புதிதாக வந்தவர்கள் பயந்துவிடுவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். பேசாமல் துண்டியுங்கள். அதேபோல மெசேஜ் வந்தால் 7726 க்கு அனுப்பிவிடுங்கள், காசு இல்லை.

குளிர்காலத்தில் ஊர் நம்மைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால், கோடையில் நாலரை. குளிர்காலத்தில் நைட் டியூட்டி முடித்துக் காலை எட்டு மணிக்கு பஸ் ஸ்டாப்பில் நின்று நான் அழைக்கும்போது அங்கே மதியம் ஒன்றரை. அம்மா சாப்பிட்டு முடித்து, ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார்.