உருவ அளவியலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மண்டை ஓடோ, மீனோ, இலையோ, வண்டின் சிறகோ, எதன் உருவத்தை எடுத்துக்கொண்டாலும் லேண்ட்மார்க் புள்ளிகளை, அதாவது எல்லா மாதிரிகளிலும் ஒரே உறுப்பிடத்தைக் குறிக்கும் புள்ளிகளை, வைத்து ஆராயத் தொடங்குபவர்கள் ஒரே இடங்களில்தான் வழுக்குகிறார்கள். புதிதாக வருபவர்களின் தரவைப் பார்க்கும்போதெல்லாம், நாங்கள் தொடங்கிய காலத்துப் பிழைகளே திரும்பி வருகின்றன. அளவுகோல் இல்லாமல் படம் எடுப்பது, புள்ளிகளின் வரிசையை மாற்றிவிடுவது போன்றவற்றை யாராவது முதல் பார்வையிலேயே பிடித்துவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். எந்தச் சத்தமும் போடாமல் கட்டுரை அச்சாகும்வரை கூடவே வரும் பிழைகள்தான் ஆபத்து.

ஒரு குழுவை முடித்துவிட்டு அடுத்த குழுவுக்குப் போவது

முதலில் ஆண்கள் எல்லாம், அப்புறம் பெண்கள் எல்லாம் என்று புள்ளி வைக்காதீர்கள். கண் பழகப் பழக, புள்ளி வைக்கும் இடம் மெல்ல நகரும். மழுங்கலான வளைவுகளில் இது இன்னும் அதிகம். அந்த நகர்வு முழுவதும் ஆண் பெண் வேறுபாடாகக் கணக்கில் ஏறிவிடும். பிறகு எந்தக் கணக்காலும் அதைப் பிரித்தெடுக்க முடியாது. படங்களின் பெயரை மறைத்து, வரிசையைக் கலைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஒரே தடவை புள்ளி வைப்பது

ஒரு பகுதி மாதிரிகளுக்காவது இடைவெளி விட்டு இரண்டாம் முறை வையுங்கள். இல்லையென்றால் உங்கள் கைப்பிழை எவ்வளவு என்று உங்களுக்கே தெரியாது.

சிவிஏ வரைபடத்தை அப்படியே நம்புவது

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. அக்கறையோடு உழைத்தவர்களின் பல மாத வேலைதான் இதற்குப் பலியாகிறது.

ஒரு மாணவி மூன்று ஆறுகளின் மீன்களைக் கொண்டுவந்தார். ஆற்றுக்கு 12 வீதம் 36 மீன்கள், ஒவ்வொன்றிலும் 16 லேண்ட்மார்க். கனானிகல் வேரியேட் அனாலிசிஸ், அதாவது சிவிஏ, முன்பே பெயரிட்ட குழுக்களை முடிந்தவரை பிரித்துக் காட்டும் முறை. அதைப் போட்ட வரைபடத்தில் மூன்று கொத்துகள் ஒன்றையொன்று தொடாமல் மூன்று பக்கம் நின்றன. "மூணும் வேற வேற இனமாக்கூட இருக்கலாம் இல்லையா சார்?" என்றார். நீரோட்ட வேகத்தையும் உடலின் உயரத்தையும் இணைத்து, முடிவுகளை விவாதிக்கும் பகுதியையே எழுதி முடித்திருந்தார்.

தரவு அட்டவணையில் ஆற்றின் பெயர் இருந்த நெடுவரிசையை மட்டும் கலைத்துப்போட்டு மறுபடி ஓட்டச் சொன்னேன். இப்போது எந்த மீனுக்கு எந்த ஆறு என்பது வெறும் குலுக்கல். அப்போதும் மூன்று கொத்துகள் வந்தன, தெளிவாகப் பிரிந்து.

காரணம் எளிய கணக்கு. ஒவ்வொரு புள்ளிக்கும் x, y என இரண்டு வீதம், 16 புள்ளிகளுக்கு 32 ஆயங்கள். ப்ரோக்ரஸ்டிஸ் முறையில் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தும்போது இடம், சுழற்சி, அளவு ஆகியவற்றுக்காக அதில் 4 கழிந்து, 28 உருவ மாறிகள் மிஞ்சும். 36 மீன்களில் 3 குழுச் சராசரிகளைக் கழித்தால் குழுவுக்குள் இருக்கும் பரவலை மதிப்பிட 33தான் மீதி. 28 திசைகளை 33ஐ வைத்து அளக்கும்போது, சில திசைகளில் பரவல் தற்செயலாகவே மிகச் சிறியதாக வந்துவிடும். சிவிஏ குழுக்களுக்கு இடையிலான தூரத்தை அந்தச் சிறிய பரவலால் வகுக்கிறது. இல்லாத வேறுபாடு மலையாக நிற்கிறது. இதே கணக்கில், உண்மையில் எந்த வேறுபாடும் இல்லாத இரண்டு குழுக்களின் மையங்களுக்கு இடையே சுமார் 6 திட்ட விலக்கம் தூரம் எதிர்பார்க்கலாம். வரைபடத்தில் கொத்துகள் தொடாமல் நிற்க அது தாராளமாகப் போதும்.

பிறகு அசல் ஆற்றுப் பெயர்களையே வைத்து, ஒவ்வொரு மீனாக வெளியே எடுத்து, மற்றவற்றைக் கொண்டு அது எந்த ஆறு என்று கணிக்கச் சொன்னோம். சரியானவை மூன்றில் ஒரு பங்கைத் தாண்டவே திணறின. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே அவ்வளவு கிடைக்கும்.

இந்தச் சிக்கலுக்குப் பயந்து, குழுச் சராசரிகளை மட்டும் வைத்து பிசிஏ, அதாவது பரவல் அதிகமுள்ள திசைகளைத் தேடும் முதன்மைக் கூறு பகுப்பாய்வு, போடுபவர்களும் உண்டு. மாதிரிகளைவிட மாறிகள் மிக அதிகமானால் அங்கேயும் போலிக் கொத்துகள் வரும் என்பதை ஆய்வாளர்கள் புக்ஸ்டைன் ஒரு பக்கமும், கார்டினி, ஒஹிகின்ஸ், ரோல்ஃப் மூவரும் இன்னொரு பக்கமும் 2019லேயே காட்டிவிட்டார்கள். வளைவு முழுக்க நூற்றுக்கணக்கான செமிலேண்ட்மார்க், அதாவது அடையாள இடம் இல்லாத வளைவை நிரப்பும் புள்ளிகள், தூவுபவர்கள் இதைக் கட்டாயம் மனதில் வைக்க வேண்டும்.

எனவே சாதாரண பிசிஏவை முதலில் பாருங்கள். குழுச் சராசரிகளுக்கு இடையிலான ப்ரோக்ரஸ்டிஸ் தூரத்தை, அதாவது பொருத்திய பின் இரு உருவங்களுக்கு இடையே மிஞ்சும் வேறுபாட்டை, குழுப் பெயர்களைப் பலமுறை கலைத்துப் பார்க்கும் பெயர்க்கலைப்புச் சோதனைக்கு உட்படுத்துங்கள். சிவிஏ வேண்டுமென்றால் போடுங்கள், ஆனால் குறுக்குச் சரிபார்ப்பு விகிதத்தை, அதாவது மேலே சொன்னபடி ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக் கணித்ததில் சரியானவற்றின் பங்கை, அதன் பக்கத்திலேயே எழுதுங்கள். அந்த எண் இல்லாத சிவிஏ படத்தை நான் ஆதாரமாக எடுத்துக்கொள்வதில்லை. புள்ளிகளைக் கூட்டுவதற்குப் பதில் மாதிரிகளைக் கூட்டுவது எப்போதும் நல்லது. அந்த மாணவி அப்படித்தான் மறுபடி ஆற்றுக்குப் போனார்.

"இந்தப் புள்ளி மட்டும் நகர்ந்திருக்கிறது"

அப்படிச் சொல்ல முடியாது. ப்ரோக்ரஸ்டிஸ் பொருத்துதல் வேறுபாட்டின் இருமடியைக் குறைப்பதற்காக, ஒரு புள்ளியில் நடந்த பெரிய மாற்றத்தை எல்லாப் புள்ளிகளுக்கும் பிரித்துக் கொடுத்துவிடும். மூக்கு மட்டும் நீண்டாலும் வால்பக்கப் புள்ளிகளிலும் அம்புக்குறி தெரியும். பினோக்கியோ விளைவு என்பது இதைத்தான். எல்லாப் புள்ளிகளையும் ஒன்றாகப் பார்த்து, முழு உருவத்தின் மாற்றமாக எழுதுங்கள்.

அளவு கழிந்துவிட்டது என்று நினைப்பது

பொருத்தும்போது எல்லா உருவங்களும் ஒரே அளவுக்குக் கொண்டுவரப்படுவது உண்மை. ஆனால் குட்டியின் தலை, வளர்ந்ததன் தலையைச் சுருக்கியது அல்ல. வளரும்போது விகிதமே மாறுகிறது. அந்த அலோமெட்ரி உங்கள் தரவில் அப்படியே இருக்கிறது. ஒரு குழுவில் பெரியவை, இன்னொன்றில் சிறியவை என்று மாட்டியிருந்தால், நீங்கள் பார்ப்பது வயது வித்தியாசமாக இருக்கலாம். உருவத்தை சென்ட்ராய்டு அளவின், அதாவது புள்ளிகள் தங்கள் மையத்திலிருந்து எவ்வளவு விரிந்திருக்கின்றன என்ற அளவின், மடக்கையோடு தொடர்புபடுத்திப் பாருங்கள். அளவின் விளைவைக் கழிப்பதற்கு முன், அளவோடு உருவம் மாறும் கோட்டின் சாய்வு எல்லாக் குழுக்களிலும் ஒன்றுதானா என்று சோதியுங்கள். சாய்வுகள் வேறு வேறு என்றால் பொதுவான ஒரு கோட்டை வைத்துக் கழிக்க முடியாது.

இனங்களைத் தனித்தனிச் சான்றுகளாக எண்ணுவது

ஒரே கிளையில் பிறந்த பத்து இனங்கள் பத்துச் சான்றுகள் ஆகாது. பரிணாம மரத்தையும் கணக்கில் சேருங்கள்.