இந்தியில் ஒரு நோட்டீஸ் அடித்தால் போதுமா? வெளிமாநிலத் தொழிலாளர்களிடம் சுகாதாரச் செய்தி சொல்லும்போது சறுக்குகிற இடங்கள்

மழைக்காலம் வந்தால் சேலத்தில் டெங்கு நோட்டீஸும் வந்துவிடும். தமிழில் ஆயிரம் அடிப்பவர்கள், வெளிமாநில ஆட்களும் இருக்கிறார்களே என்று இந்தியில் ஒரு ஐந்நூறு சேர்த்து அடிப்பார்கள், ஷெட்டு வாசலில் ஒட்டுவார்கள், அதைப் போட்டோ எடுத்து குரூப்பில் போட்டதும் வேலை முடிந்தது. மில், கொலுசுப் பட்டறை, ஜவ்வரிசி ஆலை, ஹோட்டல், கட்டட வேலை, ஏற்காடு எஸ்டேட் என்று எங்கே போனாலும் இதே கதைதான். செய்பவர்கள் நல்ல மனசோடுதான் செய்கிறார்கள், அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அந்தக் காகிதத்தைப் பார்த்த ஆள் அடுத்து என்ன செய்வார், எங்கே போவார், போனால் அன்றைய கூலி என்ன ஆகும் என்று யாரும் யோசிப்பதில்லை. கம்பெனி எச்.ஆர்., தன்னார்வலர், கல்லூரி என்.எஸ்.எஸ். பிள்ளைகள் என்று யார் இந்த வேலையைக் கையில் எடுத்தாலும் அநேகமாக ஒரே இடங்களில்தான் தவறுகிறார்கள்.

முதலில் மொழி விஷயத்தை முடித்துவிடலாம், ஏனென்றால் எல்லாரும் இதோடு நின்றுவிடுகிறார்கள். வடக்கே இருந்து வந்தவர் என்றாலே இந்தி என்பது நம் நினைப்பு. ராஞ்சி, ரூர்கேலா, சம்பல்பூர் வழியாக வருகிற தன்பாத் - ஆலப்புழா எக்ஸ்பிரஸ் சேலம் ஜங்ஷனில் நிற்கும்போது இறங்குகிறவர்கள் பேசுவதைக் கொஞ்சம் காதுகொடுத்துக் கேளுங்கள். ஒடியா, சந்தாலி, சாத்ரி என்று கலவையாக இருக்கும், பீகார் பக்கத்து ஆட்களிடம் போஜ்புரியும் மைதிலியும் கேட்கும். இந்தி அவர்களில் பலருக்குக் கடைக்குப் போக, மேஸ்திரியிடம் கணக்குக் கேட்க உதவுகிற மொழி, அவ்வளவுதான். உடம்புக்கு என்ன செய்கிறது என்று விவரமாகச் சொல்ல அது போதாது.

இதில் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும்: வீட்டில் என்ன பேசுவீர்கள், பள்ளிக்கூடத்தில் எந்த எழுத்து படித்தீர்கள். சந்தாலி பேசுகிறவர் ஒடிசாவின் மயூர்பஞ்சிலிருந்து வந்திருந்தால் ஒடியா எழுத்து படித்திருக்கலாம், ஜார்கண்டின் தும்கா பக்கமென்றால் தேவநாகரி, மேற்கு வங்கத்தின் பாங்குரா என்றால் வங்காள எழுத்து. சந்தாலிக்கென்றே ஓல் சிக்கி எழுத்து உண்டு, ரகுநாத் முர்மு 1925 வாக்கில் உருவாக்கியது. 2003இல் சந்தாலி அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையிலும், அதாவது அங்கீகரிக்கப்பட்ட மொழிகளின் பட்டியலிலும் சேர்ந்தது. அதற்காக நோட்டீஸை ஓல் சிக்கியில் அடித்தால் எல்லாரும் படித்துவிடுவார்கள் என்று இல்லை, பள்ளியில் அதைக் கற்றுக்கொள்ளாதவர்கள் நிறைய. நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைக்கச் சிரமப்பட வேண்டியதே இல்லை, வீட்டில் சௌராஷ்டிரமோ தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டு எழுதப் படிக்கத் தமிழை வைத்துக்கொண்டிருக்கிற குடும்பங்கள் சேலத்தில் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. ஆகவே எழுத்தைவிடக் குரல் நல்லது. அதே மாவட்டத்து ஆள் ஒருவரைப் பேசவைத்து, ஒரு நிமிடத்துக்குள், ஒரே ஒரு விஷயம் மட்டும் சொல்லும் ஆடியோவாகப் பதிவு செய்து அனுப்பினால் அது ஊர்க்காரர்களின் குரூப்புகளில் தானாகவே சுற்றும்.

சரி, மொழி கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போதுதான் பெரிய தவறு வருகிறது: நமக்கு எழுதிய செய்தியை அப்படியே அவர்களுக்கும் கொடுப்பது.

டெங்குவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜார்கண்ட், ஒடிசா, சத்தீஸ்கர் காட்டுப் பகுதிகளிலிருந்து வருகிறவர்களுக்குக் கொசுவைப் பற்றி நாம் பாடம் எடுக்கத் தேவையில்லை, மலேரியாவோடு வளர்ந்தவர்கள் அவர்கள். ராத்திரி வலை கட்ட வேண்டும் என்பது சின்ன வயசிலேயே தெரியும், ஏனென்றால் மலேரியா பரப்பும் கொசு ராத்திரியில் கடிப்பது. டெங்கு கொசு பகலில் கடிக்கிறது, அதிலும் காலை வேளையிலும் பொழுது சாய்வதற்கு முன்னாலும் அதிகம். நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு வருகிற மில் தொழிலாளி ஜன்னலைத் திறந்துபோட்டுப் படுக்கிற நேரம் சரியாக அந்தக் காலை வேளைதான். அவர் அறையில் வலை இருந்தாலும் பகலில் அதைச் சுருட்டி ஆணியில் மாட்டியிருப்பார். "கொசுவலை பயன்படுத்தவும்" என்று எந்த மொழியில் எழுதினாலும், நான்தான் பயன்படுத்துகிறேனே என்றுதான் அவருக்குத் தோன்றும். அவருக்குச் சொல்ல வேண்டியது, பகலில் தூங்கும்போதும் வலை கட்டுங்கள் என்பது.

இதோடு இன்னொன்றும் சேர்ந்தே போக வேண்டும். டெங்குவில் காய்ச்சல் விடுகிற சமயம்தான் பயப்பட வேண்டிய சமயம், சுமாராக மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள். கூலிக்காரருக்குக் காய்ச்சல் விட்டதென்றால் மறுநாள் வேலைக்குப் போகலாம் என்று அர்த்தம். அந்த நேரத்தில் வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், எழுந்து நிற்க முடியாத அசதி இதில் எது இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி என்பதைச் சொல்லாத டெங்கு நோட்டீஸ் பாதி நோட்டீஸ்தான். அப்புறம் அவர்கள் முதலில் போகிற இடம் ஆரம்ப சுகாதார நிலையம் இல்லை, தெருமுனை மெடிக்கல்தான். உடம்பு வலிக்கென்று புரூஃபெனோ டைக்ளோஃபினாக்கோ வாங்கிப் போட்டுக்கொண்டால் டெங்குவில் ரத்தக்கசிவுக்கு வழி ஆகிவிடும், காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். இந்தச் செய்தியை ஷெட்டு வாசலில் ஒட்டுவதைவிட மெடிக்கல்காரரிடம் உட்கார்ந்து பேசுவது மேல்.

யாரிடம் சொல்கிறோம் என்பதிலும் குழப்பம் உண்டு. பத்துப் பேர் தங்கியிருக்கிற அறையில் டிரம்மைக் கவிழ்த்துக் கழுவுங்கள் என்கிறோம். தண்ணீர் நாலைந்து நாளைக்கு ஒரு தடவை வருகிற இடத்தில் நிறைந்த டிரம்மை யார் கவிழ்ப்பார்கள்? மூடி கொடுத்தால் மூடுவார்கள், டிரம் காலியாகும்போது உள்பக்கச் சுவரைத் தேய்க்கச் சொன்னால் தேய்ப்பார்கள் (முட்டை சுவரில்தான் ஒட்டியிருக்கும், வெறுமனே தண்ணீரைக் கொட்டினால் போகாது). மூடி வாங்கித்தர வேண்டியவர் வீட்டு ஓனர். அவரிடம் பேச வேண்டியதைத் தொழிலாளியிடம் இந்தியில் பேசிக்கொண்டிருக்கிறோம்.

வயிற்றுப்போக்கு சமாசாரமும் இதேபோலத்தான். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைக் கொடுத்துவிட்டு, குடிக்கச் சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். பெரிய பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. கையில் டம்ளர்தான் இருக்கிறது என்றால் ஆள் என்ன செய்வார், டம்ளருக்குக் கொஞ்சம் என்று தூவிக் கலக்குவார், ஒரு தடவை உப்பு ஏறிவிடும், இன்னொரு தடவை வெறும் தண்ணீராகிவிடும். உப்பு அதிகமானால் குழந்தைகளுக்கு ஆபத்து. லிட்டர் கணக்கை வாயால் விளக்காமல், எல்லா அறையிலும் உருண்டுகொண்டிருக்கிற ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை எடுங்கள். கழுவி, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைக் கழுத்துவரை நிரப்பி, பாக்கெட்டை முழுசாக உள்ளே கொட்டி, மூடிக் குலுக்கிக் காட்டுங்கள். பிறகு பாட்டிலை அவர் கையில் கொடுத்து, இன்னொரு பாக்கெட்டை அவரையே கலக்கச் சொல்லுங்கள். மறுநாள் மிச்சமிருந்தால் கொட்டிவிட வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம். பாக்கெட் இல்லாத ராத்திரிக்கு: அதே பாட்டிலில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலைதட்டி. இதற்கு மொழிபெயர்ப்பாளரே தேவைப்படாது.

மொழிபெயர்ப்பாளர் என்றதும் மேஸ்திரி. ஆளைக் கூட்ட மேஸ்திரி வேண்டும், அதில் மறுபேச்சே இல்லை. ஆனால் அட்வான்ஸ் கொடுத்துக் கூட்டிவந்தவர் பக்கத்தில் நிற்கும்போது "இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா, சளியில் ரத்தம் வருகிறதா" என்று கேட்டால் யார் வாயைத் திறப்பார்கள்? காசநோய் என்று தெரிந்தால் உடன் தங்கியிருப்பவர்கள் ஒதுக்குவார்கள், டிக்கெட் எடுத்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் சும்மா வருவதில்லை. எஸ்டேட் லைன் வீடுகளில் இன்னொரு வழக்கம் உண்டு, தமிழ்ப் பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் தமிழ் நன்றாகப் பேசும் என்று அவர்களையே நடுவில் நிறுத்துவது. எட்டு வயசுப் பிள்ளையை வைத்து அதன் அம்மாவிடம் வெள்ளைப்படுதலைப் பற்றிக் கேட்கலாமா? பெண்களிடம் பெண்தான் பேச வேண்டும், தனியாக. ஊரிலேயே இருந்து சுகாதார உதவி செய்கிற ஆஷா பணியாளரை ஜார்கண்டில் சஹியா என்பார்கள், சத்தீஸ்கரில் மிதானின். "ஊரில் உங்கள் சஹியா பார்ப்பாங்களே, இங்கே அதை இந்த நர்ஸம்மா பார்ப்பாங்க" என்று கிராம சுகாதார செவிலியரை அறிமுகம் செய்துவைத்தால் பாதி தயக்கம் அங்கேயே போய்விடும்.

காசநோய் பற்றிப் பேசும்போது மருந்து இலவசம், ஆறு மாதம் சாப்பிட வேண்டும் என்று முடித்துவிடாதீர்கள். சட் பூஜைக்கோ ஹோலிக்கோ ஊருக்குப் போகிறவர் மாத்திரையை அப்படியே விட்டுவிடுவார், ஏனென்றால் இங்கே ஆரம்பித்த மருந்தை அங்கே தொடரலாம் என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். பதிவு செய்யும்போது கிடைக்கிற நிக்ஷய் எண்ணை (காசநோய்ச் சிகிச்சைக்கான அரசுப் பதிவு எண்) போனில் போட்டோவாக வைத்துக்கொண்டால், கிளம்பும் முன்பு இங்கே சொல்லிவிட்டு ஊரிலுள்ள அரசு மையத்தில் சிகிச்சையைத் தொடரலாம். சத்துணவுக்கென்று வங்கிக் கணக்கில் போடுகிற தொகை 2024 நவம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாய். கூலி குறையும் என்ற கவலையில் இருப்பவருக்கு இதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

நேரத்தைப் பற்றிச் சுருக்கமாக: ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கிற மாதங்களில், நவம்பரிலிருந்து பிப்ரவரி வாக்கில், காலை பத்து மணிக்கு முகாம் வைத்துவிட்டு ஆள் வரவில்லை என்று அலுத்துக்கொள்வதில் நியாயமே இல்லை. லைனுக்கு சாயங்காலம் போங்கள், இல்லாவிட்டால் சந்தை நாளில் போங்கள். மலைமேல் பாம்புக்கடிச் செய்தி சொல்வதென்றால், கீறக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி என்பதோடு, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எந்த ஜீப் டிரைவரை எழுப்புவது, 108க்குக் கூப்பிட்டால் எஸ்டேட் பெயரையும் பக்கத்து ஊரையும் எப்படிச் சொல்வது என்பதும் அதே காகிதத்தில் இருக்க வேண்டும்.

முகாமில் யார் யாரை உட்காரவைக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவி, அந்த மாநிலத்திலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து விசாரித்துவிட்டுப் போகும் அளவுக்கு ஆனது. அந்த நினைப்பு இன்னும் முழுசாக ஆறவில்லை என்று வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். சளிப் பரிசோதனை நடக்கிற அதே மேசையில் ஒருவர் ஆதார் நகல் வாங்கிக்கொண்டு, இன்னொருவர் காக்கி உடையில் பெயர் எழுதிக்கொண்டிருந்தால் பின்வரிசை அப்படியே கரைந்துவிடும். கணக்கெடுப்பை வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாம், தலை போகிற காரியம் இல்லை. "வெளிமாநிலத்தவர் கவனத்திற்கு" என்று தலைப்புப் போட்டு, சுத்தமாக இருக்கச் சொல்லி அறிவுரை அடுக்குவதும் வேண்டாம், அதைப் படிக்கிற உள்ளூர்க்காரர் நோய் எங்கிருந்து வருகிறது என்று ஒரு முடிவுக்கு வந்துவிடுவார். ஊருக்குப் போய்த் திரும்பியதும் குளிர் காய்ச்சல் வந்தால் மலேரியாவுக்கு ரத்தம் பார்த்துக்கொள்ளுங்கள், அரசு ஆஸ்பத்திரியில் காசு இல்லை, எந்த மாநில ஆதாராக இருந்தாலும் பார்ப்பார்கள் என்று சொல்வது வேறு, இவர்கள்தான் மலேரியா கொண்டுவருகிறார்கள் என்று சொல்வது வேறு.

சொல்லி முடித்ததும் "புரிந்ததா" என்று கேட்காதீர்கள், எல்லாரும் தலையாட்டுவார்கள். "ரூமில் படுத்திருக்கிற உங்கள் கூட்டாளிக்கு இதைப் போய் எப்படிச் சொல்வீர்கள், சொல்லிக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். எங்கே தடுமாறுகிறார்களோ அங்கே நம் செய்தியைத்தான் திருத்த வேண்டும். அப்படியே சுவரையும் ஒரு பார்வை பார்த்து, போன வருடத்து முகாம் தேதியோடு தொங்குகிற பேனரையும், கூப்பிட்டால் யாரும் எடுக்காத நம்பர் போட்ட நோட்டீஸையும் கிழித்துவிட்டு வாருங்கள்.