சின்ன பட்ஜெட் சீன அரண்மனைத் தொடரை இப்படிப் பார்த்துக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்

விபத்தில் சிக்கிய நவீன காலத்துப் பெண் கண்விழித்தால், எதிரே அரண்மனை. பக்கத்தில் சிடுசிடுக்கும் இளவரசன், அந்தப்புரத்தில் யாரோ மர்மமாகச் செத்திருக்கிறார்கள். இந்த வகை சீனத் தொடரைத் தொடங்குகிற பலர் இரண்டாவது எபிசோடிலேயே கழன்றுகொள்கிறார்கள். செட்டைப் பார்த்தாலே போலி என்று தெரிகிறதாம், உடையெல்லாம் நாடகக் கம்பெனி உடையாம். அதற்காக நிறுத்துவதுதான் முதல் தவறு.

2015 டிசம்பரில் இணையத்தில் வந்த 'கோ பிரின்சஸ் கோ'வில் கையில் காசில்லாதது காட்சிக்குக் காட்சி தெரியும். அரச குடும்பத்தார் காலில் இன்றைய கடைச் செருப்பு. முடியும் துணியும் பறக்க ஊதுவிசிறி. ஆனாலும் சீனாவில் அதைப் பற்றிப் பேசாத ஆளில்லை. பெண்கள் பின்னால் சுற்றிய ஒருவன் பட்டத்து இளவரசியின் உடம்புக்குள் விழுந்துவிடுகிறான்; கணவன், சக்களத்தி, கர்ப்பம் என்று எல்லாவற்றையும் அவனே அனுபவித்தாக வேண்டும். அந்தக் கதைக்கருவுக்கு எந்த செட்டும் தேவைப்படவில்லை. 2020-ல் கொரியாவில் 'மிஸ்டர் குயின்' என்று மறுபடி எடுத்தார்கள் என்றால் சும்மாவா!

அதே 'கோ பிரின்சஸ் கோ'வை 2016 ஜனவரியில் இணையதளத்திலிருந்து நீக்கினார்கள். பிறகு வெட்டுப்பட்டுத்தான் திரும்பியது. ஆகவே காட்சி திடீரென்று தாவினால் இயக்குநரைத் திட்டுவதற்கு முன், பார்ப்பது எந்தப் பிரதி என்று கவனியுங்கள்.

'கடைசியில் எல்லாம் கனவாம்' என்று கொதிப்பதும் வேண்டாம். காலப்பயணத் தொடர்கள் வரலாற்றோடு விளையாடுகின்றன என்று சீன ஒளிபரப்புத் துறை 2011-லேயே கண்டித்துவிட்டது. அதன் பிறகு கதாசிரியர்கள் சுற்றுவழி தேடினார்கள். 2019-ல் வந்த 'ஜாய் ஆஃப் லைஃப்' முழுக்க ஒரு மாணவன் எழுதும் கதையாக வருகிறது. 2020-ன் 'த ரொமான்ஸ் ஆஃப் டைகர் அண்ட் ரோஸ்' தொடரில் கதாநாயகி தான் எழுதிய திரைக்கதைக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறாள், அதுவும் சீக்கிரமே சாக வேண்டிய பாத்திரமாக! கெடுபிடிக்குள் நின்றுகொண்டு இப்படி யோசித்தவர்களை நான் மனசாரப் பாராட்டுவேன்.

இது எந்த வம்சம், எந்த அரசன் என்று கூகுளில் தேடுவதும் பெரும்பாலும் வீண்வேலை. இந்தத் தொடர்களில் பல கற்பனை ராஜ்ஜியத்தில் நடப்பவை. 2011-ன் 'ஸ்கார்லெட் ஹார்ட்' மாதிரி சிங் வம்சத்துக்குள் நேராகப் போகிற கதை வேறு. கங்ஷி பேரரசருக்குப் பிறகு 1722-ல் நான்காம் இளவரசர்தான் யோங்ஜெங்காக அரியணை ஏறுவார் என்று நாயகிக்குத் தெரியும்; அவள் துயரமே அதுதான். அங்கே வரலாறு தெரிந்து பார்த்தால் வலி இரட்டிப்பாகும்.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது, மர்மக் கதையை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டுவது. சின்ன பட்ஜெட்டில் துரத்தலும் சண்டையும் எடுக்க முடியாது. துப்பெல்லாம் மருந்துக் கிண்ணத்திலும் சாம்பிராணிப் புகையிலும்தான் இருக்கும். வெள்ளி ஊசியைச் சோற்றில் குத்துகிறார்கள், கறுக்கவில்லை. உடனே விஷமில்லை என்று முடிவுகட்டாதீர்கள். அந்தக் காலத்துப் பாஷாணத்தில், அதாவது ஆர்சனிக் விஷத்தில், கலந்திருந்த கந்தகம்தான் வெள்ளியைக் கறுக்க வைத்தது. கந்தகம் இல்லாத விஷம் அந்த ஊசிக்குத் தெரியாது. அவித்த முட்டையின் மஞ்சள்கருவோ விஷமே இல்லாமல் அதைக் கறுக்க வைக்கும். இரவில் அரண்மனைக் கதவு சாத்தும் காட்சியையும் தாண்டாதீர்கள். கதவு பூட்டிய பிறகு உள்ளே இருந்தவர்கள் யார் யார் என்பதிலேயே பாதி வழக்கு முடிந்துவிடும்.

நடிகரின் குரலை வைத்து நடிப்பை எடைபோடுவதும் சரியில்லை. பல தொடர்களில் வேறொருவர்தான் டப்பிங் பேசியிருப்பார். முகத்தையும் கையையும் பாருங்கள்.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், 'டைகர் அண்ட் ரோஸ்' என்பேன். 24 எபிசோடுதான், ஒரு வாரத்தில் முடித்துவிடலாம்.