டிஸ்லெக்ஸியா இருக்குற பையனும் ஃப்ரெஞ்ச் ஸ்பெல்லிங்கும் – என் அனுபவம்

நான் ஃப்ரெஞ்ச் சொல்லிக்குடுக்குறேன், என்கிட்ட படிக்கிற ஒரு பையனுக்கு டிஸ்லெக்ஸியா, அதாவது எழுத்தைப் படிக்கவும் எழுதவும் ரொம்ப சிரமம், ஆனா காதால கேட்டா கப்புனு புடிச்சுக்குவான், நல்லா பேசவும் செய்வான், ஆனா எழுதச் சொன்னா பேனா அப்படியே நின்னுடும். ஃப்ரெஞ்ச்ல "ஓ"ங்கற ஒரே சத்தத்தை ஓ (o), ஏ-யூ (au), ஈ-ஏ-யூ (eau)னு பல விதமா எழுதுவாங்க, நிறைய சொல்லுல கடைசி எழுத்து வாயிலயே வராது, பாவம் புள்ள என்ன பண்ணுவான்.

டிஸ்லெக்ஸியா புள்ளைங்களுக்குன்னு 1930கள்ல ஆர்ட்டன்ங்கற டாக்டரும் கில்லிங்காம்ங்கற டீச்சரும் உருவாக்குன முறையைத்தான் புடிச்சுக்கிட்டேன், அதாவது கண்ணு, காது, கை மூணும் ஒண்ணா வேலை செய்யணும். ஒரு நேரத்துல ஒரு சத்தம், ஒரு ஸ்பெல்லிங், அவ்ளோதான். ஈ-ஏ-யூ கார்டை முன்னாடி வெச்சுக்கிட்டு சத்தத்தை வாய்விட்டு சொல்லிக்கிட்டே மணல் தட்டுல விரலால எழுதுவான், அது மனசுல படிஞ்சப்புறம்தான் அடுத்தது. ஃப்ரெஞ்ச்ல பொருளோட பேருக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு, அதனால ஆண்பால் சொல்லு நீல கார்டு, பெண்பால் சிவப்பு. சொல்லு தெரியுமான்னு பாக்குற டெஸ்டை வாய்மொழியாவே வெச்சேன், ஸ்பெல்லிங்குக்கு மார்க் குறைக்கல, டீச்சருங்க எல்லாரும் தயவுசெஞ்சு இதை செய்யுங்க, தெரிஞ்ச புள்ளைய தெரியாதவன்னு முத்திரை குத்தாதீங்க.

இப்ப படகுக்கு "பத்தோ" (bateau)னு சொன்னா கடைசி மூணு எழுத்தையும் தயங்காம எழுதுறான். எழுத்தோட சேர்த்துப் போடுற ஆக்சன்ட் குறி (é, è மாதிரி) மட்டும் இன்னும் விட்டுப்போகுது, அதுக்கு தனி கார்டு ரெடி பண்ணிட்டிருக்கேன்.